கம்ப்ரஸரின் ஏப்பம்

கேக்கின் ஒரு மூலையைக் காணோம்.

அலமாரி மேல் வைத்திருந்த தட்டை ஆராய்ச்சி மாணவி மரைக்கே இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள். அந்தச் சோதனைக் கூடத்தில் யாருடைய சோதனையோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். யந்திரத்தை ஓட்டிப் பார்த்து முடிக்கும்வரை அதில் கத்தி படக் கூடாது. பிறந்த நாளுக்கு முந்தின நாள் வாழ்த்துச் சொன்னால்கூட அபசகுனம் என்று முகம் சுளிக்கிற ஜெர்மன்காரர்கள் இதில் மட்டும் விட்டுக்கொடுப்பார்களா என்ன?

"டெட்லெஃப்! நீதானே?"

யந்திரத்தைப் பூட்டிக் கழற்றும் டெட்லெஃப் வாயைத் துடைத்துக்கொண்டான். "கத்தி எங்க வெச்சேன்? கையாலதான் பிச்சேன். அது கணக்குல வராது."

"இன்னைக்கு வெளங்காமப் போனா உன்னைச் சும்மா விட மாட்டேன்."

"நாலு வருஷமா வெளங்காதது என் வாயாலயா கெடப் போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்குள் சுழலும் இறக்கைகளின் நுனிக்கும் சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவே மயிரிழை இடுக்கு ஒன்று உண்டு. அதில் கசிகிற காற்றுதான் எல்லா வம்புக்கும் காரணம். காற்று வரத்தைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கம்ப்ரஸர் தாங்காமல் வாங்கியதையெல்லாம் திருப்பித் தள்ளி அதிரும். கூடத்தில் அதற்கு ஏப்பம் என்று பெயர். உறையின் உட்சுவராகப் பொருத்தும் வளையத்தில் வட்ட வட்டமாகக் காடி என்கிற பள்ளங்களை வெட்டினால் ஏப்பம் தள்ளிப்போகும் என்பது மரைக்கேயின் கட்சி. அவள் முனைவர் பட்டமே அந்தக் காடிகளை நம்பித்தான் இருந்தது. திங்கட்கிழமை யந்திரம் வேறு குழுவுக்குப் போகிறது. ஆதரவு தந்த கம்பெனியின் லோமான் வேறு கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் யந்திரம் சீறத் தொடங்கியது. டெட்லெஃப் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினான். திரையில் பச்சைப் புள்ளி ஒன்று சிவப்புக் கோட்டை நோக்கி ஊர்ந்தது. காடியில்லாத பழைய வளையத்தோடு ஏப்பம் விட்ட இடம் அது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள். தன் குரலே அவளுக்கு யாருடையதோ போலக் கேட்டது.

புள்ளி கோட்டைத் தாண்டியது. சத்தமில்லை. இன்னும் தாண்டியது. வெகுதூரம் போன பிறகுதான் டமாரென்று ஏப்பம் வந்து கண்ணாடி அதிர்ந்தது. டெட்லெஃப் சட்டென்று வால்வைத் திறந்துவிட்டு அவள் முதுகில் ஒன்று வைத்தான்.

"பிரமாதம்!" என்றார் லோமான். "இருங்க, மேலிடத்துக்கு இப்பவே சொல்லிடறேன்." கைபேசியோடு வெளியே போனார்.

மரைக்கேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காடிகளை ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. யந்திரம் நின்றதும் பக்கத்து மூடியை டெட்லெஃப் திறந்துவிட, கையை உள்ளே விட்டாள். சுவர் வழவழவென்றிருந்தது. மேலும் கீழும் தடவினாள். ஒரு பள்ளம்கூடத் தட்டுப்படவில்லை. நகத்தால் சுரண்டினாள். சாம்பல் நிற மெழுகு வந்தது.

வளையத்தைக் கடைசியாகக் கடையும்போது காடி ஓரம் சிதறாமலிருக்க மெழுகு அடைப்பார்கள். பிறகு எடுத்துவிட வேண்டும்.

"நீ எடுக்கலையா?"

"நானா? என் காடியில எவனும் கை வெக்கக் கூடாதுன்னு தாண்டவமாடினது யாரு? நீயே எடுப்பேன்னு விட்டுட்டேன்."

ஆடியது உண்மைதான். அப்புறம் வளையம் வந்த வாரம் லோமானுக்குக் காட்ட வரைபடம் போடுவதிலேயே அவள் மூழ்கிப்போனாள்.

"அப்ப எப்படி அவ்வளவு தூரம் தாங்குச்சு?" என்றான் டெட்லெஃப்.

அது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய வளையம் தேய்ந்தது, புதிது இப்போதுதான் கடைந்தது. இடுக்கு குறைந்தால் யார் வீட்டுக் கம்ப்ரஸரும் கூடுதலாகத் தாங்கும். அதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை.

டெட்லெஃப் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு, யாருக்கும் தெரியாது. மெழுகைச் சுரண்டிட்டு வாயை மூடிக்கோ. மத்தியானம் காடியோட ஓட்டி, இதைவிட மோசமா வந்தா என்ன பண்ணுவே?"

காலையில் இருந்த பயமெல்லாம் ஒன்றுமேயில்லை என்று இப்போது தோன்றியது. காலையில் காடி தோற்கலாம் என்றுதான் பயந்தாள். இப்போது ஜெயித்ததாக ஊருக்கே சொல்லியாகிவிட்டது. மறுபடி ஓட்டினால் காடிகள் உண்மையிலேயே தோற்றுப்போகலாம்.

கண்ணாடிக்கு அப்பால் லோமான் கேக் தட்டை இறக்கி மேசையில் வைப்பது தெரிந்தது. கத்தியை எடுத்தார். பிய்த்த மூலையைப் பார்த்துச் சிரித்தார்.

மரைக்கே ஓடினாள்.

"வெட்டாதீங்க!"

லோமான் கத்தியைத் தூக்கியபடியே நின்றார். அவள் உள்ளங்கையை நீட்டினாள். அதில் மெழுகுத் துருவல் ஒட்டியிருந்தது.

"சோதனை இன்னும் நடக்கவே இல்ல சார்."

லோமான் கத்தியை மெல்லக் கீழே வைத்துவிட்டுத் தன் கைபேசியைப் பார்த்தார்.