குறைந்தபட்சம் எழுநூறு கிராம்

மகன் வானத்தில் எதையாவது கண்டுபிடித்தால் அதன் எடைக்கு வெல்லம் தருவதாக வெங்கடம்மா பெரியம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஹேமநாத் ஒரு கோளைக் கண்டுபிடித்துத் தொலைத்தான். வேண்டுதல் முடியாமல் அவனுக்குக் கல்யாணம் இல்லை என்றாள் பெரியம்மா. அவன் கட்டிக்கப்போகும் ஷோபா வீட்டிலோ மண்டபமே பார்த்துவிட்டார்கள்.

நான் திருப்பதியில் அவனோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்து பாதியில் விட்டவன். இப்போது பங்காருபாளையத்தில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி, நைட் ஷிஃப்ட். பகலில் சும்மா கிடக்கிறேன் என்று பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"கோள் எடைக்கு வெல்லம் பூமியிலேயே இல்ல பெரியம்மா. விகிதம் போடுவோம். இவன்தான் நட்சத்திரம், எழுபது கிலோ. கோள் அதுல நூத்துல ஒண்ணு. எழுநூறு கிராம்," என்றேன்.

"குறைந்தபட்சம்," என்றான் ஹேமநாத். வாய் சும்மா இருக்காது.

"இன்னாடா கொறஞ்சபட்சம்? சாமிகிட்ட அப்படிச் சொல்ல முடியுமா?"

கோள் கண்ணுக்குத் தெரியாது. அது இழுப்பதில் நட்சத்திரம் ஆடும். நம்மை நோக்கி வந்து போகிற ஆட்டத்தை மட்டும்தான் அவன் அளந்திருந்தான். வானத்தில் நட்சத்திரம் பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்றும் பார்த்தால்தான் முழு எடை. அதை அளந்த செயற்கைக்கோளின் தரவு வந்தும் அவன் திறக்கவில்லை. எடை ஏறினால் அது கோளே இல்லை. தீசிஸ் போச்சு.

"திறந்து பாரு," என்றாள் ஷோபா. "நான் கட்டிக்கப் போறது உன்னை. அதை இல்ல."

திறந்தான். நட்சத்திரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. கோள் இல்லை, இன்னொரு சின்ன நட்சத்திரம்.

"நான் எதையும் கண்டுபிடிக்கலம்மா. வேண்டுதலே செல்லாது."

"ஒண்ணத் தேடிக்கினு போய் வேற ஒண்ணு கெடச்சா அதுவும் கெடச்சதுதான். பதினாலு கிலோ. எழுநூறு கிராம் குடுத்திருந்தா ஊரே சிரிச்சிருக்கும்."

பாலசமுத்திரம் பெருமாள் கோயில் தராசில் ஒரு தட்டில் வெல்லம், மறு தட்டில் ஹேமநாத். வெல்லம் உத்தரத்துக்குப் போனது.

"இன்னும் அம்பத்தாறு கிலோ வேணும்மா," என்றார் தராசைப் பிடித்திருந்த கமலக்கண்ணன்.

"கணக்கு அவ்ளோதான். டேய், எறங்கி ஒத்தக் கால மட்டும் வைடா."

வைத்தான். அழுத்தினால் தட்டு இறங்கியது, தளர்த்தினால் ஏறியது.

"ஆட்டாத நைனா!" என்றார் கமலக்கண்ணன்.

"ஆடினாத்தாங்க எடை தெரியும்."

பெரியம்மா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுவில் வந்த நொடியில், "போதும், எடு கால," என்றாள்.

ஷோபா மண்டபத்துக்கு போன் போட்டாள்.