கடைசிப் பத்தி

எங்கள் விளையாட்டுப் பக்கத்து நிருபருக்கு 'அடைமொழி' என்று பெயர் வைத்தவன் நான்தான். அவன் எழுத்தில் யாரும் சும்மா ஓட மாட்டார்கள், சூறாவளியாகச் சுழல்வார்கள். பந்து வலைக்குள் போகாது, வலையை முத்தமிடும். படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யார் அடிச்சா, எப்ப அடிச்சா, அதை மட்டும் சொல்லித் தொலைடா" என்று ஆறு வருஷமாகக் கத்துகிறேன். காதில் ஏறினால்தானே.

சனிக்கிழமை என் மகளின் பள்ளி கால்பந்து இறுதிப் போட்டியில் ஆடியது. அவள்தான் கோல்கீப்பர். எனக்கோ மதிய ஷிப்ட். "மேட்சுக்கு வர முடியலைன்னா என்னம்மா, ரிப்போர்ட்டை என் கையாலயே எடிட் பண்றேன். ஒரு தப்பு இருக்காது பாரு" என்று வாக்குக் கொடுத்தேன். அதை ஒட்டுவதற்கு அலமாரிக் கதவில் இடம்கூட ஒழித்து வைத்துவிட்டாள்.

ஐந்தரைக்கு அடைமொழியின் செய்தி வந்தது. கூடவே ஒரு மெத்தை விளம்பரமும் வந்து பத்து வரியை விழுங்கியது. எங்கள் தொழிலில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவோம். முக்கியமானதெல்லாம் மேலேதான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கடைசிப் பத்தியைப் படிக்காமலே தூக்கினேன். மிச்சத்தைப் பேன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒரு சூறாவளி, மூன்று முத்தம், ஒரு 'மயிர்க்கூச்செறியும் தருணம்' எல்லாம் ஒழிந்தன. மகளின் பெயரில் பிழையில்லை. அவள் தடுத்த இரண்டு பந்தும் இருந்தன. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போனபோது எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள்.

காலையில் கையில் கத்தரிக்கோலோடு பேப்பரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நல்லா இருக்குப்பா. யார் ஜெயிச்சாங்க?"

"இது என்ன கேள்வி? நீதானே ஆடினே?"

"எனக்குத் தெரியும்பா. இதுல இல்லையே."

வாங்கிப் பார்த்தேன். இடைவேளையோடு செய்தி முடிந்திருந்தது. அடைமொழிக்குப் போன் போட்டு எகிறினேன்.

"இடைவேளையிலேயே முக்கால்வாசி எழுதி வச்சிட்டேன் சார். முடிவைக் கடைசிப் பத்தியில சேர்த்தேனே, நீங்க பாக்கலையா?" என்றான்.

முடிவை மேலே போடத் தெரியாத மடையா என்று வாய்வரை வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனை வைத்துவிட்டேன்.

மெல்ல மனைவி பக்கம் திரும்பினேன். "என்னை ஏன் பாக்கறீங்க? நான் மேட்சுக்குப் போயிருந்தேன்" என்றாள் அவள்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று மகளிடம் அடித்துவிட்டேன்.

"எத்தனைக்கு எத்தனை?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "தெரியலைம்மா. கடைசிப் பத்தியைப் படிக்காமலே வெட்டிட்டேன்."

அவள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் நிமிஷத்துலேர்ந்து சொல்றேன். நடுவுல வெட்டாம கேளுங்க."