கயானிப் படிக்கட்டில் ஏறிய கோடு

அந்தக் கோட்டைத் தாளில் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்லாந்து ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு விளைவித்தது, எத்தனை மரம் வெட்டியது, எவ்வளவு இரும்பு வார்த்தது, எவ்வளவு நெய்தது, கட்டியது என்று எல்லாவற்றையும் கூட்டி, விலைவாசி ஏற்றத்தைக் கழித்து, 1860 முதல் ஆண்டுக்கொரு புள்ளி வைப்பதுதான் ஹெல்சிங்கியில் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் வேலை. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதைப் பார்த்து நான் ஒருநாளும் மலைத்து நின்றதில்லை. காபிக் கோப்பையை அதன் மேலேயே வைத்திருக்கிறேன்.

1974 செப்டம்பரில் வடக்கே கயானி என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே புதிதாகக் கட்டிய தொழிற்பள்ளியின் தலைமையாசிரியர் கெம்பைனென் எழுதியிருந்தார். நுழைவுக் கூடத்தின் கோடியில் மூன்று மாடிக்கும் ஒரே வீச்சாக எழும் ஒரு சுவர் இருக்கிறதாம். அதை ஒட்டித்தான் படிக்கட்டு போகிறதாம். அதில் நாட்டின் உற்பத்திக் கோட்டைப் பெரிதாக வரைய வேண்டும், பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ஏறட்டும், எண்களோடு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். எங்கள் பிரிவில் குழந்தை குட்டி இல்லாதவள் நான் ஒருத்திதான். "சிர்க்கா, நீ போயிட்டு வாயேன்" என்றார்கள். அக்டோபர் நடுவில், முதல் பனி விழுந்த அன்று கயானியில் ரயிலை விட்டு இறங்கினேன்.

சுவருக்கு வண்ணமடிக்க உள்ளூர்க்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆர்வோ கெரானென். ஐம்பத்தைந்து வயது, கடைப்பலகை எழுதுபவர், ஒல்லியான நெடிய ஆள். என்னைப் பார்த்ததும் கையைக்கூட நீட்டவில்லை.

"ஹெல்சிங்கியிலேர்ந்து ஒரு கோடு போடவா ஆள் அனுப்பிச்சிருக்காங்க? இங்க எங்களுக்குக் கோடு போடத் தெரியாதுன்னு நெனச்சுட்டாங்களா?"

"போடறது நீங்கதான். எங்கே போடணும்னு சொல்லத்தான் நான்" என்றேன்.

"அதான் தலைநகரத்து வேலை. சொல்றது."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். அவள் லெம்பி, பள்ளியின் காவல் வேலையும் துப்புரவு வேலையும் அவள் பொறுப்பு. ஆர்வோவோடு ஒரே வகுப்பில் படித்தவள். "யோவ், வந்தவங்கள நிக்க வச்சே பேசாத. மேலங்கியக் கழட்டட்டும் மொதல்ல" என்றாள்.

சுவரை அளந்தோம். தரையிலிருந்து மூன்றாம் மாடிக் கூரை வரை பதினோரு மீட்டர். கணக்கு முடிந்த கடைசி ஆண்டு 1973. அதைக் கூரையடியில் வைத்தால், பஞ்ச வருஷமான 1868 எங்கே வரும் என்று பென்சிலால் போட்டுப் பார்த்தேன். தரையிலிருந்து முப்பத்தாறு சென்டிமீட்டர். முழங்காலுக்குக் கீழே.

போட்ட கணக்கை மறுபடி போட்டேன். நூறு வருஷத்தில் முப்பது மடங்கு என்பது எனக்குத் தெரியாத விஷயமா? எத்தனை அறிக்கைகளில் தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சுவரடியில் நின்று, முழங்காலருகே ஒரு கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபோது, கழுத்து வலித்தது. கூரை விளக்கு கண்ணில் அடித்தது.

வாசற்கதவருகே 1860-ஐத் தொடங்கினோம். ஆண்டுக்கு இருபது சென்டிமீட்டர் அகலம். கூடத்தின் நீளச் சுவர் முழுக்க அறுபது வருஷம் போய்விடும். அதன் பிறகுதான் படிக்கட்டு. நான் எண்ணைப் படிக்க, ஆர்வோ தரையில் மண்டியிட்டுச் சாக்கட்டியால் புள்ளி வைத்தார்.

எட்டாவது, ஒன்பதாவது புள்ளிகளில் அவர் கை நின்றது.

"மறுபடி படிங்க."

படித்தேன்.

"தப்பா இருக்கு."

"சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் இறங்கும்."

"கொஞ்சமா?" இரண்டு விரலைச் சேர்த்துச் சுவரில் வைத்துக் காட்டினார். "ரெண்டு வெரல் இறங்கியிருக்கு. இது எந்த வருஷம்னு தெரியுமா உங்களுக்கு? எங்க தாத்தாவோட கூடப் பொறந்தவங்க ஏழு பேரு. மரப்பட்டைய அரைச்சு ரொட்டி சுட்டுத் தின்னுட்டு, அதுவும் தீந்து, பனி உருகினப்ப மீதி இருந்தது ரெண்டு பேரு. இந்த ஊர்ல பொணத்த அடுக்கி வச்சிருந்தாங்க, குழி தோண்ட ஆள் இல்லாம. அதுக்கு ரெண்டு வெரலா?"

எனக்குப் பதில் தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் பதில். "இந்தக் கோடு உற்பத்தியை மட்டும்தான் காட்டும். செத்தவங்க பெரும்பாலும் நிலமில்லாதவங்க, கூலிக்காரங்க. அவங்க கையில ஏற்கெனவே ஒண்ணும் இல்ல. அதனால அவங்க போனதுல கோடு அதிகமா இறங்கல."

சொல்லி முடித்தபோது என் காதுக்கே அது நன்றாக இல்லை.

ஆர்வோ சாக்கட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இன்னும் கீழே இறக்குவேன். தரையைத் தொடணும் அது."

"முடியாது. அப்புறம் மத்த எல்லாப் புள்ளியும் பொய்யாயிடும்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கங்க." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கெம்பைனென் கையைப் பிசைந்தார். திறப்பு விழாவுக்கு மந்திரியின் ஆட்கள் வருகிறார்கள், மூன்றாம் மாடியில் காபிக்கும் பட்டர் ரொட்டிக்கும் சொல்லியாகிவிட்டது. "கொஞ்சம் கூட்டிக்குறைச்சுப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலை லெம்பி போய் ஆர்வோவை அழைத்து வந்தாள். என்ன சொன்னாளோ, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். லெம்பி குடுவையிலிருந்து மூன்று பேருக்கும் காபி ஊற்றினாள். அவள்தான் தொடங்கினாள்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு வெளங்கல. அந்தப் பஞ்ச வருஷத்துல நாடு பூரா என்னென்ன உண்டாக்கிச்சோ அது முழுக்க, முழங்கால் ஒசரம். சரி. இப்ப இருக்கற நாம அவ்வளவையும் உண்டாக்க எத்தன நாளாகும்?"

பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. காகிதத்தை மடியில் வைத்துப் போட்டேன்.

"பன்னிரண்டு நாள்."

"என்னது?"

"ஜனவரி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சா, பன்னிரண்டாந்தேதி சாயங்காலம் முடிஞ்சிடும். அவங்க வருஷம் முழுக்கப் பாடுபட்டதெல்லாம்."

லெம்பி கோப்பையைக் கீழே வைத்தாள். "பொங்கப் பொங்கச் சமைச்ச கிறிஸ்துமஸ் மிச்சத்தையே நான் அதுக்குள்ள தின்னு முடிச்சிருக்க மாட்டேன்."

ஆர்வோ தலை நிமிரவில்லை. குரல் மட்டும் வந்தது. "அப்ப இன்னொண்ணு போடுங்க. செத்தவங்கள உயிரோட வச்சிருக்க எவ்வளவு வேணும்? இப்பத்த கணக்குல."

அதற்கு நேரம் பிடித்தது. அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுக்க இறந்தவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அன்றைய ஜனத்தொகையில் பதின்மூன்றில் ஒரு பங்கு. அன்றைய உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி உணவு. அந்தப் பாதியில் பதின்மூன்றில் ஒன்று. அதைப் பன்னிரண்டு நாளோடு பெருக்க வேண்டும். பென்சில் முனை ஒரு தரம் ஒடிந்தது. ஆர்வோ சட்டைப் பையிலிருந்து தச்சர் பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது உத்தேசக் கணக்குதான்" என்றேன். "குத்துமதிப்பா."

"சொல்லுங்க."

"அரை நாள்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப நாம எல்லாருமாச் சேந்து ஒரு நாள் செய்யறதுல பாதி. காலையில வேலைக்குப் போறோம் இல்லையா, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள செய்யறது. அவ்வளவு இருந்திருந்தா, ஒருத்தரும் பட்டினியால செத்திருக்க வேண்டியதில்ல."

வெளியே மரம் ஏற்றிய லாரி ஒன்று போனது. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனவள், மறுபடி விரித்தேன். நான் இத்தனை காலம் கோப்பை வைத்த காகிதத்தில் இது இருந்திருக்கிறது. ஒரு தேசம் முழுவதற்கும் கிடைக்காமல் போன அரை நாள்.

ஆர்வோ தன் தச்சர் பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நேத்து மத்தியானம் வரைக்கும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கோவத்துல வீட்ல சும்மா ஒக்காந்திருந்தேன்."

"நெசமாவே சும்மாத்தான் ஒக்காந்திருந்த. ஜன்னல் வழியா நானே பாத்தேன்" என்றாள் லெம்பி.

அவர் எழுந்தார். வாசலருகே போய் மண்டியிட்டு, நீல வண்ண டப்பாவைத் திறந்தார். ஒன்பதாம் புள்ளியிடம் வந்தபோது கை நிற்கவில்லை. சரியாக இரண்டு விரல் இறக்கி, ஏற்றினார். நான் அளவுகோலோடு பக்கத்தில் நின்றேன். அளக்கத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு ஒன்பது நாள். கூடத்துச் சுவரில் கோடு ஊர்ந்து போனது. ஐம்பது வருஷம் போயும் நெஞ்சுயரம் வரவில்லை. ஒரு நல்ல அறுவடைக்கு அரை விரல், ஒரு மர ஆலைக்கு இன்னொரு அரை விரல். உலகப்போர் வந்தது, உள்நாட்டுச் சண்டை வந்தது, கோடு தடாலென்று விழுந்து எழுந்தது. 1919-இல் ஆர்வோ நிறுத்தி, "இங்க நான் பொறந்தேன்" என்றார். அவர் அப்போதும் தரையில் மண்டியிட்டபடியே இருந்தார்.

படிக்கட்டு தொடங்கியதும் கோடும் எழுந்தது. முதல் மாடி வரும் முன்பே இன்னொரு போர். அதில் மூன்று விரல் நுனிகளைப் பனிக்குக் கொடுத்த ஆர்வோ, அந்த இடத்தைத் தூரிகை எடுக்காமல் ஒரே இழுப்பில் கடந்தார். பிறகு சாரம் கட்ட வேண்டியதாயிற்று. ஐம்பதுகளில் வருஷத்துக்கு ஒரு சாண் ஏறியது. அறுபதுகளில் ஒரு முழம் ஏறிய வருஷங்களும் உண்டு. நான் கீழேயிருந்து எண்ணைக் கத்துவேன், மேலேயிருந்து அவர் குரல் வரும்: "இன்னுமா?"

"இன்னும் மேல!"

"பலகையே முடிஞ்சுபோச்சு!"

"இன்னொண்ணு போடுங்க!"

கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு இறங்கி வந்து, மூச்சு வாங்க என் பக்கத்தில் நின்றார். சுவரின் மேல்பாதி முழுவதும் கடைசிப் பதினைந்து வருஷம்.

"இந்தப் பாதி நடந்தப்ப நான் இதே ஊர்லதான் பலகை எழுதிட்டிருந்தேன்" என்றார். "இவ்வளவு பெரிசு ஒண்ணு எழும்பியிருக்கு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே."

எனக்கும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது, முதல் ஃபிரிட்ஜ் ஞாபகம் இருக்கிறது. இப்படிக் குழாய் குழாயாக, ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜாக வந்ததெல்லாம் சேர்ந்து தலைக்கு மேல் இவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று நினைத்ததில்லை. அந்த இரண்டு விரலுக்கும் இந்தக் கூரைக்கும் நடுவில் ஒரே ஒரு நூறு வருஷம். ஆர்வோவின் தாத்தா குழந்தையாக அங்கே கீழே. ஆர்வோ இங்கே.

நவம்பர் முதல் சனிக்கிழமை திறப்பு விழா. சர்க்கார் ஆட்கள், ஆலைத் தொழிலாளிகள், பெற்றோர்கள், சேர வந்த பிள்ளைகள் என்று இருநூறு பேருக்கு மேல். பேச்செல்லாம் வாசலிலேயே முடிந்தது. கெம்பைனென் மேலே போய்க் காபி மேசையருகே காத்து நின்றார்.

ஒருவரும் ஏறி வரவில்லை.

வாசற்கதவருகே முதலில் வந்தது காகித ஆலையில் வேலை செய்யும் ஒரு கிழவர். சுவரடியில் எழுதியிருந்த ஆண்டைப் பார்க்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். பக்கத்தில் ஆர்வோ நின்றிருந்தார், அதே சிடுசிடுத்த முகத்தோடு. "ரெண்டு வெரல்தான். அதுக்கு மேல இல்ல, அளந்தாச்சு" என்றார். பிறகு அந்த அரை நாளைச் சொன்னார். கிழவர் மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள், ஆர்வோ மறுபடி சொன்னார். கூட்டம் அந்த இடத்திலேயே தேங்கியது. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்த பெண்கள் ஈரத் தரையில் முழந்தாளிட்டு, கையுறையைக் கழற்றி, கோடு இறங்கிய இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்கள். பெட்டிக் கேமரா வைத்திருந்த ஒருவர் படம் எடுக்க மறந்து நின்றார்.

அப்புறம் மெல்ல மெல்ல ஏறினார்கள். ஒரு கையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு, வருஷத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டு. முதல் மாடியில் நின்றார்கள். இரண்டாம் மாடியில் ஓர் அம்மா தன் மகனிடம், "நீ பொறந்தது இங்கடா. கோடு ஆரம்பிச்ச எடத்தப் பாரு, கண்ணுக்கே தெரியல கீழ" என்றாள். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

முக்கால் மணி நேரம் காத்திருந்த கெம்பைனென் கோபத்தோடு பாதிப் படி இறங்கி வந்தார். மேலே ஏறிவரும் முகங்களைக் கண்டதும் எதுவும் கேட்காமல் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். முன்னால் வந்த ஆலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தார். கெம்பைனென் அவசரமாகத் திரும்பிப் போய் மேசையிலிருந்த கோப்பைகளை எடுத்து நீட்டப் போனார்.

மேசையருகே நின்ற லெம்பி அவர் கையைத் தட்டிவிட்டாள். "நூறு வருஷம் நடந்து வந்திருக்காங்க. ஆறிப்போன காபியையா குடுப்பீங்க? தள்ளுங்க" என்று குடுவைகளை வாரிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.