கூடத்தில் வந்து சொல்லுங்க

விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டில் இருந்தபோதுதான் சுபாஷிணி ஜுமைலாவின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். கூடத்து மேசையில் டிபன் டப்பா, சீப்பு, மாற்றுப் பாவாடை எல்லாம் விழுந்தன. விருந்தாளி அம்மாள் ஒருத்தி தொலைத்த தங்க வளையல் மட்டும் இல்லை. மட்டாஞ்சேரியில் சுபாஷிணி நடத்திய தங்கும் விடுதியில் ஆறு வருடம் சமைத்தவளை அன்றே வெளியே அனுப்பினாள். மறுநாள் வளையல், அந்த அம்மாளின் பெட்டியிலேயே கிடைத்தது. சுபாஷிணி போனில் சொன்னது இவ்வளவுதான்: “கெடச்சிருச்சு. விட்டுரு.”

ஜுமைலா விடவில்லை. நியாயம் கேட்க இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் வாசலிலேயே அழுகை வந்து திரும்பினாள். அந்த அழுகைதான் அவளை அதிகம் அவமானப்படுத்தியது.

நெஞ்சுப் படபடப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஆலோசகர் கங்கா ஒரு பயிற்சி சொன்னாள். பாத்திரம் கழுவும்போது கையில் படும் தண்ணீரை மட்டும் கவனிக்கணும். கோபம் வந்தால் உடம்பில் எங்கே வருகிறது என்று பார்க்கணும், விரட்டக் கூடாது.

“இது அவள மன்னிக்கிறதுக்கா, மேடம்?”

“மன்னிக்கிறது உங்க இஷ்டம், ஜுமைலா இத்தா. கோபம் உங்கள இழுத்துட்டுப் போகாம இருக்கத்தான் இது.”

ஜுமைலாவுக்கு அது போதுமாயிருந்தது. முதலில் தண்ணீருக்குள் சுபாஷிணியின் முகம்தான் தெரிந்தது. வாரங்கள் போகப் போக, குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சியும் விரலிடுக்கின் எரிச்சலும் தெரிந்தன. கோபம் போகவில்லை. ஆனால் அழுகை வருவது நின்றது.

நாலாம் மாதம் சுபாஷிணியே கூப்பிட்டாள். ஞாயிறு மதியம் கல்யாண வீட்டார் முப்பது பேர் வருகிறார்கள். ஜுமைலாவின் பிரியாணிதான் வேண்டும் என்கிறார்கள்.

“வரேன், சேச்சி.”

“உனக்கு மானமே இல்லையா?” என்றான் கணவன் நஜ்முதீன்.

“அதுக்குத்தான் போறேன்.”

அரிசி வெந்துகொண்டிருந்தபோது உப்பு டப்பா கையில் இருந்தது. நாலு கை அள்ளிப் போட்டால் முடிந்தது. நெஞ்சு காந்தியது; தாடை இறுகியது. அதைக் கவனித்தபடி அப்படியே நின்றாள். முப்பது பேர் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. டப்பாவை மூடி வைத்தாள்.

தம் போட்டு முடித்ததும், அண்டாவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சுபாஷிணி ஓடிவந்தாள்.

“பசிக்குதுங்கிறாங்க. எறக்கு.”

“நான் திருடலன்னு அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் எறக்கறேன்.”

சுபாஷிணிக்கு முகம் வெளுத்தது. “தப்புதான் ஜுமைலா, மன்னிச்சிரு. இப்போ வேணாமே.”

“இங்க இல்ல. என் பாவாடையக் கொட்டுன கூடத்துல.”

“அவங்க வேற ஆளுங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?”

“தெரியட்டும்.”

கூடத்தில் யாரோ கரண்டியால் தட்டைத் தட்டினார்கள். சுபாஷிணி போனாள். ஜுமைலா பின்னாலேயே போய்க் கூடத்து வாசலில் நின்றாள்.

“எங்க சமையக்காரி மேல வீணா திருட்டுப்பட்டம் கட்டி, எல்லார் முன்னாடியும் பையைக் கொட்டிட்டேன். அவ திருடல.”

“பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல, சேச்சி,” என்றாள் ஜுமைலா.

சுபாஷிணி கண் கலங்க மறுபடி சொன்னாள். ஜுமைலா ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகக் கேட்டாள். இனித்தது. அவசரமே படாமல் இனிக்கவிட்டாள். அப்புறம் அண்டாவை இறக்கி, முப்பது பேருக்கும் தானே பரிமாறினாள்.

கிளம்பும்போது சுபாஷிணி வாசல்வரை வந்தாள். “நாளையிலேர்ந்து வர்றியா?”

“மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, ஜுமைலா செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.