ஐஸ் வைத்த கொய்யா

டிசம்பர் பிறந்துவிட்டால் பஷீர் வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. சாத்தாங்காட்டில் தகடு வெட்டும் பட்டறையில் ஷிஃப்ட் முடிந்ததும் காசிமேடு மீன் துறைமுகத்துக்குப் போவார். ஒரு கோணிப்பை நிறைய உடைத்த ஐஸை வாங்கி ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, திருவொற்றியூர் வரை வழியெல்லாம் சொட்டச் சொட்ட வருவார். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மரங்களின் அடியிலும் அதைக் கொட்டி, மேலே கோணியைப் போட்டு மூடுவார். மலை மரம், குளிர் பட்டால்தான் பூ வைக்கும் என்று கோத்தகிரி நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். திருவொற்றியூரில் குளிருக்கு எங்கே போவது?

"அங்க பனி வுய்ந்தா இங்க ஐஸு. மரத்துக்கு இன்னா தெரியப் போவுது?" என்பார் பஷீர்.

பைனாப்பிள் கொய்யா. பெயரில்தான் கொய்யா. இலை மேலே பச்சையாகவும் அடியில் சாம்பல் பூசினாற்போலவும் இருக்கும். தெருவில் யாரும் அப்படி ஒரு மரத்தைப் பார்த்ததில்லை. பழத்தை அவர் மனைவி மலிகாவும் பார்த்ததில்லை.

முதல் வருஷம் ஐஸ் வைத்தபோது ஒரு கூத்து நடந்தது. நல்ல ஐஸ் கிடைக்கவில்லை என்று மீன் பெட்டியில் கிடந்ததையே வாரிக்கொண்டு வந்துவிட்டார் பஷீர். மறுநாள் மத்தியானம் தெருவே நாறியிருக்கிறது. மலிகா மரத்தடியில் உட்கார்ந்து, ஆர்டர் பிரியாணிக்குப் புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராமசெல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பொணத்த கிணத்த பொதைச்சு வெச்சிகிறீங்களா? கொடலப் பொரட்டுது. நீ பாட்டுக்குக் குந்திகினு புதினா ஆயற. உனுக்கு நாறல?"

மலிகா நிமிர்ந்தாள். ஏழெட்டுப் பூனைகள் கோணியைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

"நாறுது, நாறுது. எண்ணூரு காத்தே பழகிப்போச்சு, இது இன்னா பெரிசு" என்று சொல்லி, துப்பட்டாவை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். மூட ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த நொடியை ராமசெல்வி கவனித்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மலிகாவுக்கு வாசனை தெரியாது. கொரோனா இரண்டாவது அலைக் காய்ச்சலில் போனது. அந்த நாட்களில் பஷீர் தினமும் காலையில் கட்டிலருகே வந்து உட்காருவார். கிராம்பு, எலுமிச்சம்பழம், அத்தர், ஒருநாள் மண்ணெண்ணெய்கூட. ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். வாசனை இல்லாதது அவளுக்கு அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. எல்லாப் பொருளின் மேலும் பாலித்தீன் உறை போட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. முகத்தில் எதையாவது போடவேண்டியிருந்தது. போட எதுவும் இல்லை. நாற்பது நாள் போல ஆனபோது, ஒரு காலையில் மறுபடி கிராம்பின் முறை வந்தது. "வந்துச்சு" என்று சொல்லிவிட்டாள்.

பஷீர் குழந்தை மாதிரி அழுதார். ஃபாத்திஹா ஓதி, தெரு முழுக்க நெய்ச்சோறு கொடுத்தார். அந்த நெய்ச்சோற்றை ஆக்கியது மலிகாதான். எல்லோரும் வயிறாரத் தின்று வாயார வாழ்த்திவிட்டுப் போன பிறகு, வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்கப்புறம் அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்தாள். தம் போட்ட தேக்சா மூடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். ஒருவரும் குறை சொல்லவில்லை. தான் இல்லாமலே தன் கை வேலை செய்கிறது என்று சில சமயம் தோன்றும். அப்படித் தோன்றும்போது பயமோ துக்கமோ வருகிறதா என்று உள்ளே பார்ப்பாள். எதுவும் வராது. அடுத்த தேக்சாவைக் கழுவப் போய்விடுவாள்.

அந்த வருஷக் கடைசியில் பஷீர் பட்டறை ஆட்களோடு கோத்தகிரிக்கு டூர் போனார். அங்கே யாரோ வெட்டிக் கொடுத்த பழத்தைத் தின்றவர், இடுப்பளவு செடியோடு திரும்பி வந்தார்.

"ஒரே ஒரு கொய்யாப் பயம், மலிகா. ரூமுக்குள்ள வெச்சான், ரூமே மணக்குது. அப்பவே முடிவு பண்ட்டேன், இத என் பொண்டாட்டி மோந்து பாக்கணும்னு. உன் மூக்கு திரும்பி வந்ததுக்கு இதான் சரி."

செடி மரமானது. பூக்கவில்லை. நர்சரிக்காரருக்குப் போன் போட்டபோது, குளிர் வேண்டும் என்றதோடு, பூத்தாலும் ஒற்றை மரம் காய்க்காது, இரண்டாவது வேண்டும் என்றார். இன்னொன்றை எதற்குத் தேடி அலைவது என்று பஷீர் தன் மரத்தின் கிளையிலேயே பட்டையைச் சீவி, தேங்காய் நாரும் மண்ணும் வைத்துக் கட்டிப் பதியம் போட்டார். வேர் விட்டதும் வெட்டி, நாலடி தள்ளி நட்டார். பிறகுதான் ஐஸ்.

ஐஸ் வேலை செய்ததோ, மரத்துக்கு வயசு வந்ததோ, அடுத்த மார்ச்சில் இரண்டும் பூத்தன. தடித்த இதழ்கள், வெளியே வெள்ளை, உள்ளே ரோஸ். நடுவில் சிவப்பு நூல் நூலாக, நுனியில் மஞ்சள் பொடி. அந்தப் பொடியை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தடவ வேண்டும். பஷீரின் விரல்கள் தகடு பிடித்துக் காய்த்துப்போனவை.

"என் கை பட்டா பூவே வுய்ந்துடும். உன் கைதான் ராசி" என்று ஒரு பிரஷ்ஷை அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்.

மலிகா பிரஷ்ஷோடு மரத்தடியில் நிற்பாள். பழம் வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பஷீர் அதைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டுவார். முகத்தைப் பார்ப்பார். கிராம்புக்குச் சொன்ன பொய்யை இதற்கும் சொல்ல வேண்டும். எப்படி மணக்கிறது என்று வேறு கேட்பார். அவள் பிரஷ்ஷைப் பூவுக்கு அருகே கொண்டுபோய் அப்படியே நிற்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். மைனாக்கள் வந்து இதழைக் கொத்தித் தின்னும்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

பூவெல்லாம் உதிர்ந்தது. உதிர்ந்தவற்றைப் பஷீர் உள்ளங்கையில் பொறுக்கி வைத்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தப்பு செய்தவளுக்கு வயிற்றில் ஏதாவது அசைய வேண்டும். அசையவில்லை.

இந்த வருஷம் மறுபடி பூத்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து தவ்ஃபீக் வந்தான். பட்டறைக் கூட்டாளி, அதே டூரில் போனவன். அவனும் ஒரு செடி வாங்கிவந்து மொட்டைமாடியில் டிரம்மில் வைத்திருக்கிறான்; அதுவும் பூத்திருந்தது.

"ரெண்டாவது எங்க மாமு வாங்கின?"

"வாங்கல. இதுலயே பதியம் போட்டேன். எப்டி நம்ம மூள?"

"கெட்டுது போ. அப்ப ரெண்டும் ஒரே மரம்தான? நர்சரிகாரரு கேட்டது வேற மரம் மாமு. உன் வலது கையும் எடது கையும் கண்ணாலம் கட்டிகினா கொயந்த பொறக்குமா?"

பஷீர் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப போன வருசம் இவ தொட்டதெல்லாம் வேஸ்ட்டா? பாவம்டா, டெய்லி காலைல நின்னுகினு கெடந்தா."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மலிகாவின் கை நிற்கவில்லை. தொட்டிருந்தாலும் காய்த்திருக்காது. இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த குற்றத்துக்கு வேலையே இருந்திருக்கவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பஷீர் ராயபுரம் போய்வந்தார். டிபன் டப்பாவில் ஈரத்துணி விரித்து அதன்மேல் தவ்ஃபீக் செடியின் ஐந்து பூ.

"வண்டில வந்தா குலுங்கும்னு ஷேர் ஆட்டோல மடில வெச்சிகினு வந்தேன். பக்கத்துல ஒரு அம்மா இன்னா பாய் டிபன்னு கேட்டுது. சம்மந்தி வூட்டு சீருன்னேன்." சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மலிகா டப்பாவைத் திறந்தாள். மரத்தில் பதினொரு பூ விரிந்திருந்தது. போன வருஷம் தொடாமல் விட்டது கணக்கிலேயே வரவில்லை. இன்றைக்கு விட்டால் அது அவள் செய்தது. எல்லாமும் உதிரும், பஷீர் பொறுக்குவார், அடுத்த டிசம்பரில் மறுபடி ஐஸ் வரும். அவள் மறுபடி பிரஷ்ஷோடு நிற்க வேண்டும்.

அவர் மேல் பாசம் பொங்கியதால் என்று சொல்ல முடியாது. அலுப்பாக இருந்தது. மூக்கு இருப்பதாகவும் நடித்து, கை தொட்டதாகவும் நடித்து, இரண்டில் ஒன்றையாவது இறக்கி வைக்கலாம்போல் இருந்தது. பிரஷ்ஷை மஞ்சள் பொடியில் புரட்டி, பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

நாலு பிஞ்சு நின்றது. கத்திரி வெயிலில் இரண்டு விழுந்தது. மிச்ச இரண்டுக்கும் பஷீர் காலையும் மாலையும் ஈரக்கோணி கட்டினார். பறிக்கக் கூடாது, பழுத்தால் தானே விழும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்று விழுந்தது. கோழிமுட்டை அளவு, அப்போதும் பச்சை. பஷீர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ராமசெல்வியின் குரல் கேட்டது. "இன்னா பாய், செண்டு பாட்டில ஒடைச்சிட்டீங்களா?"

அவர் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டு, மலிகாவுக்கு எதிரே உட்கார்ந்து, பழத்தை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். முகத்தைப் பார்த்தார்.

மலிகா மூச்சை இழுத்தாள். காற்று வந்தது.

"தெரியல" என்றாள்.

"பயுக்கல போல கீது. இரு, வெட்டிடலாம்." கத்தியால் இரண்டாக்கினார். உள்ளே வெளுத்து, நடுவில் நுங்குபோல் வழவழவென்று இருந்தது. மறுபடி நீட்டினார்.

"கொய்யாவுல ஒண்ணும் கொறையில்லங்க. எனக்கு மூக்கே வரல. கிராம்பு அன்னிக்குப் பொய் சொன்னேன்."

பஷீர் நீட்டிய கையை எடுக்காமலே இருந்தார்.

"நெய்ச்சோறு எப்டி ஆக்குன?"

"கைப்பழக்கம்."

"மீன் ஐஸு?"

"பூனையப் பாத்துத் தெரிஞ்சிகினேன்."

அவர் வாய் சிரிப்பதுபோல் கோணியது, சிரிக்கவில்லை. சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனார். சிலிண்டர் வால்வை மூடும் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவுகள் படார் படாரென்று திறந்தன.

"நாலு வருசமா கேஸ் பத்தவெச்சிகினு இருந்துகீற" என்று உள்ளேயிருந்தே கத்தினார். "நாலு வருசம்! மூக்கு இல்லாம! லீக் ஆயிருந்தா?"

மலிகா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். சொல்லிவிட்டால் ஏதாவது திறந்துகொள்ளும் என்று நினைத்திருந்தாள். அழுகை, கோபம், என்னவோ ஒன்று. கால் மரத்திருந்ததுதான் தெரிந்தது. நீட்டிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து பஷீர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"போன வருசம் பூவையும் நான் தொடல" என்றாள் மலிகா.

"தொட்டிருந்தாலும் காய்ச்சிருக்காது, வுடு."

அவள் பாதிப் பழத்தை எடுத்து ஒரு ஸ்பூனால் சுரண்டி வாயில் போட்டாள். நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் தெரிந்தது. பல்லில் மணல்போல் நறநறத்தது. மென்று விழுங்கினாள்.

"எப்டி மணக்குது, சொல்லுங்க."

"எனக்கு இன்னாடி சொல்லத் தெரியும்?"

"தெரிஞ்சத சொல்லுங்க."

பஷீர் மற்றப் பாதியைத் தன் மூக்கருகே கொண்டுபோய் கண்ணை மூடினார். "அன்னாசி. டோல்கேட்டு வண்டில ஐஸு மேல வெச்சி வெட்டுவான் பாரு, அது. அப்பால..." நெற்றியைச் சுருக்கினார். "அப்பால, பல்பொடி."

"வெள்ளையா, செவப்பா?"

"இன்னாது?"

"வெள்ளைப் பல்பொடியா, செவப்புப் பல்பொடியா?"

"இரு" என்று அவர் மறுபடி பழத்தை மோந்தார். நிதானமாக, இன்னொரு தடவை. மலிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.