பொருளின் பெயர்: தணிகாசலம்

மெத்தையில் விழுந்த பள்ளத்தில் இடுப்பளவு இறங்கிவிட்ட தணிகாசலம், அங்கே நின்றபடியே கம்பெனிக்குப் போன் போட்டார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் அவர் கால் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இருபத்தைந்து வருஷ வாரண்டி. மூன்றுதான் முடிந்திருந்தது.

வாங்கும்போது ஏழு கடை ஏறி இறங்கினார். ஒரு மெத்தையிலும் படுத்துப் பார்க்கவில்லை. "வாரண்டி கார்டைக் காட்டுங்க" என்பதுதான் ஒரே பேச்சு. பத்து வருஷம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனுஷன் அப்படியொரு சந்தேகப் பேர்வழி. எவனாவது வேறு எதையாவது எழுதி ஏமாற்றிவிடுவான் என்று, கார்டில் கோடிட்ட இடம் அத்தனையிலும் தன் பெயரையே நிரப்பி வைத்தார்.

மெத்தை வீட்டுக்கு வந்த அன்று, புதுப் பொருளாயிற்றே என்று மனைவி வசுமதி பொட்டு வைக்கக் குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"கிட்ட வராதே! கறை பட்டா வாரண்டி போச்சு."

அவள் அந்தப் பொட்டை அவர் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் வைத்தாள். இரண்டு பேர் எடையைக் கார்டு ஒத்துக்கொள்ளுமா என்றும் அவருக்குச் சந்தேகம். அதனால் அவள் படுத்தது தரையில், பாயில். மூன்று வருஷமாக.

தணிகாசலம் போனை வைப்பதற்குள் கம்பெனி ஆள் வந்து நின்றார். மெத்தையின் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து ஸ்கேல் வைத்தார்.

"பள்ளமே இல்ல சார்."

"யோவ், இடுப்பு வரைக்கும் உள்ள நிக்கிறேன். கண்ணு தெரியலையா?"

"மெத்தை சமமாத்தான் இருக்கு. நீங்கதான் இறங்கியிருக்கீங்க."

அந்த ஆள் கார்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "பொருளின் பெயர், தணிகாசலம். உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பழுதான பொருளை எடுத்துக்கிட்டுப் புதுசு குடுத்துடுவோம். வண்டியில இருக்கு."

தணிகாசலம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் நின்ற வேனில், பாலிதீன் உறைக்குள், அவர் உயரத்துக்கு, அவர் சாயலிலேயே ஒன்று கைகட்டி நின்றது. தணிகாசலம் மெத்தையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போது நெஞ்சு வரை இறங்கியிருந்தார்.

"ஒரே ஒரு விஷயம்" என்று அந்த ஆள் குனிந்து அவர் நெற்றியை உற்றுப் பார்த்தார். "கறை இருந்தா மாத்தித் தர முடியாது."

அப்பாடா! உயிர் வந்தது அவருக்கு. "கறைதான்யா! மூணு வருஷத்துக் கறை! எழுதிக்கோ!"

அதுவரை கதவோரம் நின்ற வசுமதி ஜன்னலருகே போனாள். வண்டியில் இருந்ததை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது ஓரமாத் தள்ளிப் படுக்குமா?"

"படுக்கும்மா."

அவள் முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தாள். கட்டில் ஓரம் மண்டியிட்டாள். மெத்தையில் அவள் கை படுவது அதுதான் முதல் தடவை.

"வசு, என்ன பண்றே?"

"நீங்கதானே சொன்னீங்க" என்றாள், அழுத்தித் துடைத்தபடி. "கறை இருந்தா வாரண்டி போயிடும்னு."