நண்டுப்பிட்டிக்கு நீர் ஏறும் நேரம்

2006ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் திகதி, வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு, லண்டன் டூட்டிங்கில் ஒரு மாதா கோயில் மண்டபத்தின் பக்கச் சுவரிலிருந்து பதினேழு கல்லூரிகள் உதிர்ந்து விழுந்தன. இலச்சினை, இலத்தீன் வாசகம், தொடங்கிய ஆண்டு எல்லாம் உடையாமல் அப்பளம்போல நடைபாதையில் கிடந்தன. காற்றும் இல்லை, மழையும் இல்லை. பால் வாங்கப் போனவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உண்மையில் அந்தச் சுவரில் கல்லூரிகளுக்கு வேலையே இல்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையிலிருந்து டோறீன் என்ற நூங்கார் ஆதிக்குடி ஓவியர் உள்ளூர்க் கவுன்சிலின் அழைப்பில் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். அவருடைய மண்ணில் எத்தனையோ ஊர்களின் பெயர் ‘அப்’ என்று முடியும்; நூங்கார் மொழியில் அதற்கு இடம் என்று பொருள். பின்னால் வந்து குடியேறியவர்கள் அந்தப் பெயர்களை நாள் முழுக்கச் சொல்லியும், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே காலம் தள்ளினார்கள். டோறீனும் அவருடைய சனமும் கூடியிருந்து அப்பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சுவரிலும் துணியிலும் தீட்டிவந்தார்கள். அவர்களிடம் ஒரே விதி. இடத்துக்குரிய ஒருவர் பெயரை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அங்கே என்ன இருந்தது என்றும் சொல்ல வேண்டும். பிறகுதான் தூரிகை. தமிழரும் தங்கள் ஊர்ப்பெயர்களை இப்படித் தீட்டலாமே என்று அவர் நூலகத்தில் ஒரு கூட்டத்தில் கேட்டார்.

கேட்டது பிழையான ஆட்களிடம். லண்டனில் யாழ்ப்பாணத்தார் பத்துப் பேர் கூடினால் பதினொரு பழைய மாணவர் சங்கம் இருக்கும். எந்த இடம் என்று விசாரித்தால் படித்த பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள். பிறந்த ஊர் ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருந்த பஸ் தரிப்பிடம் என்பது அவர்கள் எண்ணம். சங்கங்களின் ஒன்றியத் தலைவர் தியாகராஜா, அறுபத்தெட்டு வயதிலும் கழுத்திலிருந்து கல்லூரி ரையைக் கழற்றாத ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஊர்ப்பெயருக்கென்று கொடுத்த சுவரில் கல்லூரிப் பெயர்களை எழுதுவித்தார். எது மேலே எது கீழே என்று தீர்மானிக்க ஒரு குழு அமைந்து, ஐந்து கூட்டம் நடந்தது. ஐந்தாவதில் இரண்டு டொக்டர்மார் ஒருவர் சேர்ட்டை ஒருவர் பிடித்தார்கள். டோறீனிடம் எந்த யுனிவர்சிற்றி என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றதும் அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லோன்றியில் ஷிப்ட் செய்த பியற்றிஸ் அந்தக் குழுவிடம் ஒரு தடவை போனார். அவருடைய ஊர் மன்னார்க் கரையில் இருந்த நண்டுப்பிட்டி. பள்ளிக்கூடம் கிடையாது, பிள்ளைகள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள். 1990இல் ஆமி வந்தது, சனம் நாலு திக்குக்கும் போனது. 2000இல் அவருடைய அகதி வழக்கை விசாரித்த அதிகாரி வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் ஊர் இல்லை என்று எழுதினார். பிறகு வேறொரு வழியில் விசா கிடைத்தது, அந்த வரி மட்டும் அழியவில்லை. லண்டனில் நண்டுப்பிட்டியார் அவர் ஒருவர்தான். தன் ஊர் இருந்தது என்று உலகத்தில் ஏதாவதொரு இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

“ஒரு மூலை காணும் ஐயா. பெரிசா வேண்டாம்.”

“பள்ளிக்கூடம் இல்லாத இடமெல்லாம் ஒரு ஊரோ, தங்கச்சி?” என்றார் தியாகராஜா. குழு சிரித்தது. படித்த மனிதர் இத்தனை பேர் ஒரே அறையில் இவ்வளவு கேவலமாகச் சிரித்ததை அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டதில்லை.

கல்லூரிகள் விழுந்த பிறகு மறுபடி எழுதினார்கள், மறுபடி விழுந்தன. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். முதலில் பெயின்றைக் குறை சொன்னார்கள், பிறகு செங்கல்லை, மூன்றாம் தடவை பங்குச் சுவாமியை. நாலாம் தடவை எழுத ஆள் வரவில்லை. குழு இரண்டாக உடைந்து, இரண்டும் தனித்தனி ஆண்டுவிழா நடத்தின.

ஊருக்குத் திரும்ப இரண்டு கிழமை இருக்கையில் டோறீன் பியற்றிஸைத் தேடிப் பிடித்து வெறுஞ்சுவர் முன்னால் நிறுத்தினார். இல்லையென்று எழுதப்பட்ட நாளிலிருந்து பியற்றிஸ் அந்தப் பெயரை உரத்துச் சொன்னதே குழுவிடம் மட்டும்தான். டோறீன் அவசரப்படுத்தாமல் குப்பைத் தொட்டியில் சாய்ந்து நின்றார்.

“நண்டுப்பிட்டி,” என்றார் பியற்றிஸ். “பதினொரு வீடு. ஒரு அந்தோனியார் கோயில். ஒரு நல்லதண்ணிக் கிணறு. கடல் ஏறி வாசல்மட்டும் வரும்.”

சொல்லிவிட்டு முழங்கால் உயரத்தில் தன் கையாலேயே எழுதினார். பிற்பகல் நாலு மணிக்குச் சுவரடியிலிருந்து கடல் வந்தது. கணுக்கால் அளவு, இளஞ்சூடு, நல்ல உப்பு. கொஞ்ச நேரம் நின்று, பாசியும் சிப்பியும் விட்டுவிட்டு வடிந்தது. அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை. குழாய்க்காரர் மூன்று நாள் தோண்டிவிட்டு, குழாயில் பிழை இல்லை, இது கடல் என்று அறிக்கை எழுதினார்கள். பியற்றிஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, அந்த இடத்திலேயே இருந்து அழுதார்.

தியாகராஜா சப்பாத்து நனைய வந்து, இது ஒன்றியத்தின் முயற்சி என்று ஒரு பலகை வைக்க வேண்டும் என்றார். டோறீன் அவரிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார். அவர் கல்லூரியின் பெயரைச் சொன்னார். டோறீன் மறுபடி கேட்டார். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்காக இரங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை.

2008இல் கவுன்சில் பஸ் தரிப்பிடத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியது: நண்டுப்பிட்டி, நீர் ஏறும் நேரம், நீர் இறங்கும் நேரம். சனம் அதைப் பார்த்துச் சப்பாத்தைத் தெரிவு செய்யப் பழகியது. அடுத்த வருஷம் ஒரு பின்னேரம், அந்தப் பாதையில் பஸ் ஓட்டும் கானா நாட்டு டிறைவர், நண்டுப்பிட்டி இறங்குகிறவர்கள் கவனம், தண்ணீர் ஏறிவிட்டது என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பியற்றிஸ் மணியை அடித்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.